லாட்ஜ் வைஃபையில் ‘பிரைவேட்’ போடலாமா, ‘பப்ளிக்’ போடலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. ஆரணியிலிருந்து அம்மாவின் சிகிச்சைக்காக வேலூர் வந்து, மூன்று வாரமாக ஆற்காடு ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கியிருக்கிறீர்கள். பட்டுச்சேலைக் கடை ஒன்றின் கணக்கு முழுக்க உங்கள் லேப்டாப்பில் இருக்கிறது. ராத்திரி அம்மா தூங்கிய பிறகு லாட்ஜ் வைஃபையில் அந்த வேலையைப் பார்க்கிறீர்கள். இரண்டு நாள் முன்பு ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘நெட்வொர்க்’ என்ற இடத்தைத் திறந்தால் முன்பின் தெரியாத எட்டு கம்ப்யூட்டர்களின் பெயர்கள். ஒன்றைத் தட்டியதும் ஒரு ஃபோல்டர் திறந்தது, உள்ளே யாரோ ஒருவரின் ஸ்கேன் ரிப்போர்ட்டுகள். பதறி மூடிவிட்டீர்கள். பக்கத்து ரூம்காரர் ‘செட்டிங்ஸில் பிரைவேட் என்று மாத்து, யாருக்கும் தெரியாது’ என்றார், மாற்றிவிட்டீர்கள். அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். அதைவிட உங்களை உறுத்துவது, நம்பிக் கொடுத்தவரின் கணக்கு இந்த மூன்று வாரத்தில் யார் கைக்காவது போயிருக்குமோ என்பதுதான் என்று நினைக்கிறேன். முதல் கேள்விக்கு முழுப் பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு என்னால் பாதிதான் சொல்ல முடியும்.

மேலே படிப்பதற்கு முன்னால் அதை மறுபடி ‘பப்ளிக்’ என்று மாற்றிவிட்டு வாருங்கள். விண்டோஸ் 11 என்று எழுதியிருக்கிறீர்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் வைஃபை, அதில் இப்போது இணைந்திருக்கும் லாட்ஜ் வைஃபையின் பிராப்பர்ட்டீஸ். அங்கே பப்ளிக், பிரைவேட் என்று இரண்டு பொத்தான் இருக்கும். பப்ளிக்கைத் தொடுங்கள். இது மட்டும் போதாது, ஏன் போதாது என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

பக்கத்து ரூம்காரரைக் குறை சொல்ல மாட்டேன். சத்துவாச்சாரியில் இருந்துகொண்டு இருபது வருஷத்துக்கு மேலாக லாட்ஜ், ஸ்கேன் சென்டர், தோல் கம்பெனி ஆபீஸ் என்று கேபிள் இழுத்து ரௌட்டர் மாட்டுகிறவன் நான். படித்தவர்கள், டாக்டர்கள், ஆடிட்டர்கள் எல்லோரும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பிரைவேட் என்ற சொல்லைக் கேட்டதும் ‘என்னை மறைத்து வை’ என்று காதில் விழுகிறது. விண்டோஸ் கேட்பது அதை இல்லை. ‘நீ இப்போது இருக்கும் இடம் உன் சொந்த இடமா? இங்கே இருக்கிறவர்கள் எல்லாம் உன் ஆட்களா?’ என்று கேட்கிறது. ஆமாம் என்றால், அப்படியானால் உன்னை அவர்களுக்குக் காட்டலாம், அவர்கள் வந்து கதவைத் தட்டலாம் என்று அது எடுத்துக்கொள்கிறது. காட்பாடியிலிருந்து பாகாயத்துக்குப் பிரைவேட் பஸ் ஏறுகிறோம், தனியாக உட்கார்ந்து போகலாம் என்றா ஏறுகிறோம்? அந்த பிரைவேட் மாதிரிதான் இதுவும். விண்டோஸ் 7 வரை இந்தக் குழப்பம் குறைவு. வீடு, வேலை செய்யும் இடம், பொது இடம் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டது, யாருக்கும் புரிந்தது. விண்டோஸ் 8 முதல் அதை இரண்டாகச் சுருக்கி இந்த இரண்டு சொல்லை வைத்தார்கள். என் கணக்கில் அது மோசமான பெயர் சூட்டல். இப்போதைய விண்டோஸில் பப்ளிக் பக்கத்திலேயே ‘பரிந்துரைக்கப்படுவது’ என்று போட்டு, வீடானாலும் வேலையிடமானாலும் பெரும்பாலும் இதையே வைத்துக்கொள்ளுங்கள் என்று மைக்ரோசாஃப்ட்டே எழுதியிருக்கிறது. அந்தச் சின்ன எழுத்தை யார் படிக்கிறார்கள்?

உங்கள் கேள்வியிலேயே ஒரு தடயம் இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. எட்டு கம்ப்யூட்டர் உங்களுக்குத் தெரிந்தது என்றால், அந்த நேரத்தில் உங்கள் லேப்டாப்பில் ‘நெட்வொர்க் டிஸ்கவரி’, அதாவது ஒரே வைஃபையில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் வசதி, ஆன் ஆகியிருந்தது. இது நிச்சயம். அது ஆஃபில் இருந்தால் அந்த இடத்தில் பட்டியலே வராது. மேலே மஞ்சளாக ஒரு பட்டை வந்து, டிஸ்கவரி ஆஃபில் இருக்கிறது, மாற்ற இங்கே தட்டு என்று சொல்லும். பார்ப்பதற்கும் பார்க்கப்படுவதற்கும் சேர்த்து அங்கே ஒரே ஸ்விட்ச்தான் வைத்திருக்கிறார்கள். ஆகவே நீங்கள் அவர்களைப் பார்த்தபோது அவர்களும் உங்களைப் பார்த்திருக்க முடியும்.

அது எப்படி ஆன் ஆனது என்பதில் எனக்கு ஊகம்தான் இருக்கிறது. அநேகமாக அந்த மஞ்சள் பட்டையை நீங்களே தட்டியிருப்பீர்கள். தட்டினால் விண்டோஸ் ஒரு பெட்டி போட்டு, ‘எல்லாப் பப்ளிக் நெட்வொர்க்குக்கும் டிஸ்கவரியையும் ஃபைல் ஷேரிங்கையும் ஆன் செய்யவா?’ என்று கேட்கும். ‘வேண்டாம்’ என்ற வரியைத் தொட்டால் இந்த நெட்வொர்க்கைப் பிரைவேட் ஆக்கிவிடும். ‘ஆமாம்’ என்ற வரியைத் தொட்டால் இந்த லாட்ஜில் மட்டுமில்லை, நாளைக்கு நீங்கள் போகும் ரயில்வே ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, காபிக் கடை எல்லாவற்றிலும் திறந்து வைத்துவிடும். இரண்டில் எதைத் தொட்டாலும் லாட்ஜுக்குத் தப்புதான். கேன்சல் செய்துவிட்டு வெளியே வருவதுதான் சரி, ஆனால் அவசரத்தில் யாருக்கும் அது தோன்றாது. அல்லது ஆரணியில் யாராவது உங்கள் லேப்டாப்பில் பிரிண்டரை இணைத்துக் கொடுத்தபோது மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். எப்படியிருந்தாலும், பப்ளிக் என்று மாற்றினால் மட்டும் போதாது என்று சொன்னது இதனால்தான். நீங்கள் அன்றைக்கு ‘ஆமாம்’ என்று தொட்டிருந்தால் உங்கள் பப்ளிக்கும் திறந்த வாசல்தான். செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் போய், அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், அதற்குள் அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ். அங்கே பிரைவேட்டுக்குத் தனியாக, பப்ளிக்குக்குத் தனியாக, எல்லா நெட்வொர்க்குக்கும் பொதுவாக என்று மூன்று பகுதி இருக்கும். பப்ளிக் பகுதியில் நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். பொதுப் பகுதியில் பப்ளிக் ஃபோல்டர் ஷேரிங் ஆஃப், பாஸ்வேர்ட் கேட்கும் ஷேரிங் ஆன். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் இதைக் கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர் வழியாகப் பார்க்கலாம்.

டிஸ்கவரி என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது? கல்யாண மண்டபத்தில் பந்திக்கு முன்னால் ‘ஆரணிக்காரர் வந்துட்டாரா?’ என்று ஒருவர் உரக்கக் கூப்பிடுகிறார், ‘இங்க இருக்கேன்’ என்று ஒருவர் கை தூக்குகிறார். அவ்வளவுதான். டிஸ்கவரி ஆனில் இருக்கும் கம்ப்யூட்டர் தன் பெயரை அந்த வைஃபை முழுக்க அறிவிக்கிறது, மற்றவை அறிவிப்பதையும் கேட்டுப் பட்டியல் போடுகிறது. இதில் இரண்டு சங்கடம். ஒன்று, பெயர். உங்கள் லேப்டாப்பின் பெயர் என்ன என்று எழுதவில்லை. பலர் சொந்தப் பெயரையோ கடைப் பெயரையோ வைத்திருப்பார்கள். அப்படியானால் இன்னார் கடைக் கணக்கு இந்த லாட்ஜில் இருக்கிறது என்று நீங்களே பலகை மாட்டியது மாதிரி. செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் போய் ஒன்றும் சொல்லாத ஒரு பெயராக மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். இன்னொன்று, கூப்பிடுகிற குரலுக்கு யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். கடைப் பிரிண்டர் எங்கே என்று உங்கள் லேப்டாப் பழக்கதோஷத்தில் இங்கேயும் தேடும்போது, ‘நான்தான் அந்தப் பிரிண்டர்’ என்று பொய்யாகக் கை தூக்கி, உங்கள் பாஸ்வேர்டின் மறைக்கப்பட்ட வடிவத்தை வாங்கிக்கொள்ளும் கருவிகள் உண்டு. ஆபீஸ்களில் பாதுகாப்புச் சோதனைக்கு வருபவர்கள் முதல் நாளே செய்து காட்டும் வித்தை அது. லாட்ஜில் ஒருவர் அப்படி உட்கார்ந்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. உட்கார்ந்திருந்தால் தடுக்க எதுவும் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

பெயர் தெரிவது வேறு, கதவு இருப்பது வேறு, கதவு பூட்டாமல் இருப்பது வேறு. இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்து பயப்படுவதால்தான் பாதிப் பேர் தப்பான இடத்தில் கை வைக்கிறார்கள். உங்கள் பெயர் எட்டுப் பேருக்குத் தெரிந்திருந்தாலும், ஃபைல் ஷேரிங் ஆஃபில் இருந்தால் தட்டக் கதவே கிடையாது. கதவு இருந்தாலும் எந்த ஃபோல்டரையும் நீங்கள் ஷேர் செய்யவில்லை என்றால் உள்ளே எடுக்க ஒன்றும் இல்லை. ஷேர் செய்திருந்தாலும் பாஸ்வேர்ட் கேட்டால் கதவு பூட்டித்தான் இருக்கிறது. அந்த ஸ்கேன் ரிப்போர்ட்காரருக்கு நேர்ந்தது மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது. ஊரில் கடையிலோ வீட்டிலோ ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்று திறக்கவில்லை என்று வீடியோ பார்த்து, ‘பாஸ்வேர்ட் கேட்கும் ஷேரிங்’கை ஆஃப் செய்து, ஃபோல்டருக்கு ‘எவ்ரிஒன்’ என்று அனுமதி கொடுத்திருப்பார். அது அன்றைக்கு வேலை செய்தது. பிறகு அதே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆயிரம் மைல் ரயிலில் வேலூர் வந்துவிட்டார். எவ்ரிஒன் என்றால் அதற்கு நிஜமாகவே எல்லோரும்தான், இங்கே நீங்கள்.

இந்த ‘எவ்ரிஒன்’ செய்யும் வேலையை ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்தேன். 2017 மே 12 வெள்ளிக்கிழமை வான்னாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் கிளம்பியது நினைவிருக்கும். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள், இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் பல முடங்கின. அது பரவியது இந்த ஃபைல் ஷேரிங் வாசல் வழியாகத்தான், கம்ப்யூட்டர் பாஷையில் அந்த வாசலுக்கு 445-ம் எண் போர்ட் என்று பெயர். ஃபைல் ஷேரிங்குக்கு விண்டோஸ் பயன்படுத்தும் எஸ்எம்பி என்ற முறையின் பழைய முதல் பதிப்பில் இருந்த ஓட்டை. அடைப்பதற்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ம் தேதியே கொடுத்திருந்தது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். அந்த வாரம் ராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர் என்று ஓடி ஓடி அப்டேட் போட்டேன், என் வாடிக்கையாளர் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மீசையை முறுக்கிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். நாலைந்து மாதம் கழித்து ஒரு தோல் கம்பெனி ஆபீஸில் வேறொரு பூட்டும் வைரஸ், மெயிலில் வந்த பில் ஒன்றைத் திறந்ததில் நுழைந்தது. அது எந்த ஓட்டையையும் தேடவில்லை. ஏழு கம்ப்யூட்டரிலும் டி டிரைவ் முழுக்க எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல் என்று ஷேர் செய்து வைத்திருந்தார்கள். வாசல் வாசலாக ஏறி ஆறு கம்ப்யூட்டரின் ஃபைல்களைப் பூட்டிவிட்டது. தப்பியது ஸ்டோர் கீப்பர் பெரியவருடையது மட்டும். ‘ஏம்பா, என் மிஷின்ல இருந்து மட்டும் பிரிண்ட் போவாதா?’ என்று ஆறு மாதமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார், பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு அடுத்த டேபிளுக்கு நடந்துகொண்டிருந்தார். அவர் கம்ப்யூட்டர் தவறுதலாகப் பப்ளிக்கில் நின்றிருந்தது. நான் சரிசெய்யாமல் விட்ட சோம்பேறித்தனம்தான் அவருடைய ஸ்டாக் கணக்கைக் காப்பாற்றியது என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. யாராவது எடுத்திருப்பார்களா? முதலில் எடுக்க ஏதாவது வெளியே இருந்ததா என்று பாருங்கள். ஸ்டார்ட் பொத்தானை ரைட் கிளிக் செய்து கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், அதில் ஷேர்டு ஃபோல்டர்ஸ், அதில் ஷேர்ஸ். டாலர் குறியோடு முடியும் சில பெயர்கள் இருக்கும், அவை விண்டோஸ் தானே வைத்துக்கொள்வது, நிர்வாகி பாஸ்வேர்ட் இல்லாமல் திறக்காது, பதற வேண்டாம். அது தவிர வேறு பெயர், குறிப்பாகக் கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டர், அங்கே இருக்கிறதா? கணக்கு வேலை செய்பவர்கள் கடையில் இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே கம்பெனியைத் திறப்பதற்காக டேட்டா ஃபோல்டரை ஷேர் செய்வது வழக்கம் என்பதால் கேட்கிறேன். இல்லை என்றால் இந்த வழியாக உங்கள் கணக்கு போகவில்லை, நிம்மதியாக இருக்கலாம். இருந்தால், ஷேரை நிறுத்துங்கள். அதே பக்கத்தில் செஷன்ஸ் என்று ஒன்று இருக்கிறது, இந்த நிமிடம் யார் இணைந்திருக்கிறார்கள் என்று காட்டும். போன வாரம் யார் வந்தார்கள் என்று காட்டாது. யார் எந்த ஃபைலைத் திறந்தார்கள் என்று பதிந்து வைக்கும் வசதி விண்டோஸில் உண்டு, ஆனால் நாமாக ஆன் செய்தால்தான் பதியும். ஆகவே டேட்டா ஃபோல்டர் மூன்று வாரம் பாஸ்வேர்ட் இல்லாமல் திறந்து கிடந்திருந்தால், யாரும் எடுக்கவில்லை என்று நானோ வேறு யாரோ உங்களுக்கு எழுதிக் கொடுக்க முடியாது. அப்படி இருந்தால் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள், அந்தக் கணக்கில் சேமித்து வைத்த பாஸ்வேர்ட், ஜிஎஸ்டி தளத்தின் பாஸ்வேர்ட் உட்பட மாற்றிவிடுங்கள். சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கும்.

எல்லாம் மாற்றிய பிறகு, போனில் நெட்வொர்க் ஸ்கேன் செய்யும் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு ‘இன்னும் என் லேப்டாப் தெரியுதே’ என்று நீங்கள் திரும்பி வருவீர்கள், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தெரியத்தான் செய்யும். வைஃபையில் இருக்கும் எந்தக் கருவியும் தன் ஐபி எண்ணுக்கு, அதாவது அந்த வைஃபையில் அதன் முகவரி எண்ணுக்கு, யார் சொந்தக்காரர் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ரௌட்டரிலிருந்து அதற்கு ஒரு தகவலும் வந்து சேராது. பப்ளிக் என்பது மாயக் கம்பளி இல்லை. நம்ம ஊர்க் கோட்டையை யாரும் ஒளித்து வைக்கவில்லை, பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரிகிறது, சுற்றி அகழி இருக்கிறது. அந்த அளவுதான் பப்ளிக்கிடம் எதிர்பார்க்க வேண்டும். உங்கள் லேப்டாப்பில் வேறு கம்பெனியின் ஆன்டிவைரஸ் இருந்து, அதற்குத் தனி ஃபயர்வால், அதாவது வெளியிலிருந்து தட்டுகிறவர்களைத் தடுக்கும் காவல், இருந்தால், விண்டோஸில் நாம் மாற்றியதை அது கண்டுகொள்ளாமல் தன் இஷ்டத்துக்கு நடக்கும். அதற்குள்ளும் போய் இந்த வைஃபை ‘நம்பகமானது’ என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

இந்த செட்டிங் எதையும் தொடாத இன்னொரு விஷயம், காற்றில் போகிற தகவல். லாட்ஜில் ரிசப்ஷனில் எழுதி ஒட்டியிருக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான் எல்லோருக்கும். டபிள்யூபிஏ2 என்ற பூட்டு முறை உள்ள வைஃபையில் அந்தப் பாஸ்வேர்ட் தெரிந்த ஒருவர், நீங்கள் இணையும் நொடியைப் பிடித்தால், உங்கள் போக்குவரத்தின் மேல் பூட்டைக் கழற்ற முடியும். அதற்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3 அதைச் சரிசெய்கிறது, ஆனால் அதற்கு ரௌட்டரும் லேப்டாப்பும் இரண்டும் தயாராக இருக்க வேண்டும். நல்லகாலம், பேங்க், மெயில், ஜிஎஸ்டி தளம் எல்லாம் இன்றைக்குத் தனியாக இரண்டாவது பூட்டு போட்டுத்தான் வருகின்றன, முகவரியில் எச்டிடிபிஎஸ் என்று இருப்பது அது. அதற்குள் என்ன எழுதினீர்கள் என்று லாட்ஜ்காரருக்கோ பக்கத்து ரூமுக்கோ தெரியாது. எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது பெரும்பாலும் தெரியும். அதையும் மறைக்க, போக்குவரத்து முழுவதையும் வேறொரு கம்பெனி வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன் ஒன்றை இலவசமாகப் போடலாமா என்றால், எனக்கு இஷ்டமில்லை. லாட்ஜ்காரரை நம்பாமல், முகம் தெரியாத ஒரு கம்பெனியை நம்புகிறீர்கள். இரண்டு மணி நேரக் கணக்கு வேலைக்கு உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டே மேல். டேட்டா தீராது, பக்கத்து ரூம்காரரும் அதில் இருக்க மாட்டார். அப்போதும் லேப்டாப்பில் பப்ளிக் என்றே வையுங்கள்.

லாட்ஜ் பக்கத்துத் தவறும் இருக்கிறது. நீங்கள் எட்டு கம்ப்யூட்டரைப் பார்த்தீர்கள் என்பதே, அந்த ரௌட்டரில் விருந்தினரை ஒருவருக்கொருவர் தெரியாமல் பிரித்து வைக்கும் வசதி முழுதாக ஆனில் இல்லை என்பதற்குச் சாட்சி. கிளையன்ட் ஐசொலேஷன், ஏபி ஐசொலேஷன் என்று ரௌட்டருக்கு ரௌட்டர் ஒரு பெயரில் இருக்கும். ஒரு டிக்தான். நான் போய்ச் சொன்ன இடங்களில் பாதியில் கிடைத்த பதில், ‘இன்னா சார், நெட்டு வருதா இல்லியா, அத்த மட்டும் பாரு.’ அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள் மாதக்கணக்கில் தங்குகிறார்கள், அவர்களுக்கு ஊரோடு வீடியோவில் பேச நெட் ஓடினால் போதும். ஒரு லாட்ஜ் மானேஜர் மட்டும் தானாகவே என்னைக் கூப்பிட்டு இதைச் செய்யச் சொன்னார், காரணம் பாதுகாப்பு இல்லை. இரண்டாவது மாடியில் ஒருவர் போனிலிருந்து டிவிக்கு வங்காள சீரியலை அனுப்ப, அது மூன்றாவது மாடியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவர் டிவியில் ஓடியிருக்கிறது. தினமும். அடிதடிவரை போய்விட்டது. டிவியைக் கண்டுபிடிப்பதும் இதே கூப்பிட்டுக் கேட்கும் முறைதான். ஒரு டிக் போட்டதும் சண்டை நின்றது. ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும்: சில மலிவான வைஃபை பெட்டிகளில் அந்த டிக் ஒரே பெட்டியில் இணைந்தவர்களை மட்டும்தான் பிரிக்கும். மாடிக்கு ஒரு பெட்டி என்று இருந்தால், உங்கள் மாடிக்காரர் தெரியமாட்டார், கீழ்மாடிக்காரர் தெரிவார். உங்கள் லாட்ஜில் எது என்று இங்கிருந்து எனக்குத் தெரியாது. ஆகவே மானேஜர் ‘எல்லாம் போட்டாச்சு’ என்று சொன்னாலும் உங்கள் பக்கத்துப் பூட்டைக் கழற்றாதீர்கள்.

போனையும் ஒரு நிமிடம் பாருங்கள். ஆண்ட்ராய்டில் குயிக் ஷேர், ஐபோனில் ஏர்டிராப், இரண்டிலும் ‘யார் என்னைப் பார்க்கலாம்’ என்று தேர்வு இருக்கிறது. ‘எல்லோரும்’ என்று இருந்தால் தொடர்பில் உள்ளவர்கள் என்று மாற்றிவிடுங்கள். லேப்டாப்பில் வைஃபை பக்கத்தில் ‘ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்’ என்று ஒன்று இருக்கும், ஆன் செய்தால் உங்கள் கருவியின் நிரந்தர எண்ணுக்குப் பதில் போலி எண்ணைக் காட்டும். நல்லதுதான், ஆனால் கூப்பன் எண் கொடுத்து ஒரு கருவிக்கு மட்டும் நெட் தரும் லாட்ஜாக இருந்தால் அது புதுக் கருவி என்று நினைத்து மறுபடி கூப்பன் கேட்கும். அம்மாவை வைத்துக்கொண்டு ராத்திரி பதினோரு மணிக்கு ரிசப்ஷனுக்கு இறங்க வேண்டாம், பகலில் செய்து பாருங்கள். லாட்ஜைக் காலி செய்யும் அன்று இந்த வைஃபையை ‘ஃபர்கெட்’ கொடுத்துவிட்டுப் போங்கள். அதே பெயர், அதே பாஸ்வேர்டில் யாராவது ஒரு பெட்டி வைத்தால் உங்கள் லேப்டாப் கேட்காமலே போய் ஒட்டிக்கொள்ளும்.

ஆரணி திரும்பியதும் என்ன செய்வது என்ற கவலை வேண்டாம். பப்ளிக், பிரைவேட் என்பது வைஃபைக்கு வைஃபை தனியாக நினைவில் வைக்கப்படுகிறது. இங்கே பப்ளிக் ஆக்கியதால் கடைப் பிரிண்டர் அங்கே நின்றுபோகாது. கடையில் பிரைவேட் வைப்பதில் தப்பில்லை, ஆனால் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதே வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்துக்கொண்டிருந்தால் அதுவும் லாட்ஜ்தான். வாடிக்கையாளருக்கு ரௌட்டரில் கெஸ்ட் வைஃபை தனியாக வைத்துக் கொடுங்கள். பிரிண்டர் வரவில்லை என்றால் யாராவது வந்து ‘ஃபயர்வாலை ஆஃப் பண்ணு’ என்பார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள், பப்ளிக்கா பிரைவேட்டா என்று முதலில் பாருங்கள், பத்தில் எட்டு முறை அங்கேதான் சிக்கல். வைஃபை பெயரை மறைத்து வைத்தால் பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை நம் கடைத்தெருக்களில் ரொம்ப நாளாக உண்டு. பயனில்லை. மறைத்த வைஃபையைத் தேடி உங்கள் போன்தான் போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். கடையில் இன்னொரு கம்ப்யூட்டர் விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அந்த 445-ம் எண் வாசலைத் திறந்து வைத்து ஷேர் செய்ய ஏற்ற கம்ப்யூட்டர் இனி அது இல்லை.

கடைசியாக அந்த ஸ்கேன் ரிப்போர்ட்காரர். நீங்கள் தற்செயலாகத் திறந்து உடனே மூடியதில் தப்பு இல்லை என்றே நினைக்கிறேன், நான் வக்கீல் இல்லை. ஆனால் உரிமையாளர் அனுமதி இல்லாமல் மற்றவர் கம்ப்யூட்டருக்குள் போவது, அதிலிருந்து எடுப்பது இரண்டையும் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் 43-ம் பிரிவு சொல்கிறது. கெட்ட நோக்கம் இருந்தால் 66-ம் பிரிவில் அது குற்றம். பூட்டாமல் இருந்தது என்பது பதில் ஆகாது. ஆகவே எந்த ரூம், எந்த நோயாளி என்று கண்டுபிடிக்க மறுபடி உள்ளே போகாதீர்கள், அவருக்கு உதவி செய்வதாக நினைத்து அங்கே ஒரு குறிப்பு ஃபைல் போட்டு வைப்பதும் வேண்டாம். அந்தக் கம்ப்யூட்டரின் பெயர் நினைவிருக்கும் அல்லவா, அதை ஒரு தாளில் எழுதி, ‘இந்தப் பெயருள்ள லேப்டாப்பில் ஃபோல்டர் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, மூடச் சொல்லுங்கள்’ என்று ரிசப்ஷனில் கொடுங்கள். இந்தியிலோ வங்காளத்திலோ அதை எழுதத் தெரிந்த பையன் அங்கே எப்படியும் ஒருவன் இருப்பான். அவர் மூடிவிட்டாரா என்று மறுநாள் பார்க்க ஆசை வரும். அதற்கு உங்கள் டிஸ்கவரியை மறுபடி ஆன் செய்ய வேண்டியிருக்கும், செய்யாதீர்கள். ரிசப்ஷனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.